வாப்பாவின் கிதாரும் 32 பங்குகளும்



எங்கள் வாப்பா வபாத்தான பின்னர், அவர்கள் விட்டுச் சென்றவற்றைப் பங்கிடுவதில் பெரிய சிக்கல் எதுவும் எழவில்லை. வீட்டுக்குப் பத்திரம் இருந்தது. கடைக்குக் கணக்கு இருந்தது. கொடுக்க வேண்டிய கடன்களை அவர்களே தம் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் மூவரிடையே சற்றேனும் குரல் உயர்ந்தது ஒரேயொரு பொருளின் பொருட்டுத்தான். அது ஒரு பழைய கிதார்.

வாப்பா இளமையில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்கள். 1974ஆம் ஆண்டில், ஊர் திரும்பவிருந்த நண்பர் ஒருவரிடம் அந்தக் கிதாரை விலைக்கு வாங்கினார்கள். அப்போதே அது பழையது. சிங்கப்பூருக்கும் தமிழகக் கரைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் அது நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து கீழக்கரையிலுள்ள எங்கள் வீட்டை அடைந்தது. திருமணமாகி நாங்கள் பிறந்த பிறகும் சில காலம் வாசித்திருக்கிறார்கள். ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பின்னர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று எங்களிடம் சொன்னதில்லை. ஆனால் அதை விற்கவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. பெட்டியில் வைத்து, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார்கள். ரமளானுக்கு முன்பு வீட்டைத் துப்புரவு செய்யும் நாட்களில் அதை வெளியே எடுத்து, பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைத்து, மீண்டும் உள்ளே வைப்பார்கள்.

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை இப்பக்கங்களின் வாசகர்கள் அறிவார்கள். எங்கள் வீட்டுக்குள்ளேயே அந்த வேறுபாடு உண்டு. எங்களில் மூத்தவரான லாத்தா தம் பிள்ளைகள் வளரும் வீட்டில் இசைக்கருவி இருப்பதை விரும்புவதில்லை. தம்பியோ அதில் தவறில்லை என்ற கருத்துடையவன். எப்போதாவது வாசிக்கவும் செய்வான். அந்த விவாதத்தை இக்கட்டுரையில் நாங்கள் திறக்கப்போவதில்லை. இங்கே எழுத விரும்புவது வேறொன்று. நம்மிடம் வந்துசேர்ந்த ஒரு பழைய பொருளை என்ன செய்வது, அதன் தேய்மானத்தை என்ன செய்வது, அதற்கு எப்படி விலை வைப்பது என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி.

தேய்மானம் என்று சொன்னோம். அந்தக் கிதாரின் முகப்பலகையில், வலது முழங்கை படியும் மேல் விளிம்பில் பூச்சு முற்றிலும் போய், வெறும் மரம் தெரிந்தது. கழுத்தின் பின்புறம், இடது கட்டைவிரல் ஊர்ந்த வழியெங்கும் வழவழப்பான ஒரு நீளத் தடம். ஒலித்துளைக்குக் கீழே நகம் பட்டுப் பட்டுக் கீறல்கள். மற்ற இடங்களில் பூச்சு தேன் நிறமாக மஞ்சளித்து, மயிரிழை போன்ற வெடிப்புகள் குறுக்கே ஓடின.

வீட்டு மரவேலைகளை வழக்கமாகச் செய்யும் ஆசாரியிடம் காட்டினோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாய், ரெண்டு நாள் குடுங்க. உப்புத்தாள் போட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு, ரெண்டு கோட்டிங் அடிச்சுத் தர்றேன். கடையில வாங்குன மாதிரி ஆயிடும்."

லாத்தாவுக்கு அது சரியென்றே பட்டது. விற்பதானால் நல்ல விலை போகும், வைத்துக்கொள்வதானாலும் பார்க்க நன்றாயிருக்கும் என்பது அவரது கணக்கு. தம்பி ஒப்பவில்லை. உம்மா மட்டும், "வாப்பாட கை பட்ட எடம் அது. அதப் போயி ஏன் சுரண்டணும்?" என்று கேட்டார்கள். உம்மாவின் கேள்வி உணர்ச்சியில் பிறந்தது என்றே அப்போது எங்களுக்குத் தோன்றிற்று. அதற்குள் ஓர் அறிவு இருந்தது என்பதைச் சென்னையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு முதியவர்தான் விளக்கினார்.

அவர் எங்களுக்குச் சொன்ன முதல் செய்தி, பூச்சு என்பது எல்லாவற்றிலும் ஒன்றல்ல என்பது. பழங்காலக் கிதார்களுக்குப் பூசப்பட்டது அவலரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் அரக்கிலிருந்து அது கிடைக்கிறது. உலக அரக்கு வாணிகத்தில் நம் நாட்டுக்கு நெடுங்காலமாகவே பெரும்பங்கு உண்டு. ராஞ்சிக்கு அருகே நாம்குமில் 1924ஆம் ஆண்டு அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் நிறுவப்பட்டது. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியால் மெல்ல மெல்லத் தேய்த்துப் பூசுவதைத்தான் பிரெஞ்சு பாலிஷ் என்கிறோம். 1920களில் மோட்டார் வாகனங்களுக்கெனப் பரவிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடுத்து வந்தது. பஞ்சிலும் மரத்திலும் உள்ள செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்து ஆக்கப்படுவது அது. சீக்கிரம் உலர்வதால் கிதார் உற்பத்தியாளர்கள் அதனை விரைந்து ஏற்றனர். பிற்காலத்தில் பாலியூரித்தேன், பாலியெஸ்டர் போன்ற கெட்டியான பூச்சுகள் வந்தன.

ஒரு கிதாரில் இருப்பது எந்தப் பூச்சு என்றறிய, கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் ஊசிமுனையளவு ஸ்பிரிட்டைத் தொட்டு வைப்பார்களாம். அவலரக்கு உடனே பிசுபிசுக்கும். லாக்கர் தின்னரில் கரையும். பாலியூரித்தேன் இரண்டுக்கும் எளிதில் அசையாது. எங்கள் வாப்பாவின் கிதாரில் இருந்தது நைட்ரோசெல்லுலோஸ். மஞ்சளித்த நிறமும் மயிரிழை வெடிப்புகளும் அதன் இயல்புகள் என்றார் பெரியவர். மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். நாளாக ஆக இறுகிப்போகும் லாக்கரால் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெடிப்பு விழுகிறது.

"சுரண்டினால் என்ன?" என்று கேட்டோம்.

கிதாரின் முகப்பலகை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனமே உடையது. தந்தியின் அதிர்வை வாங்கி ஒலியாக்குவது அந்தப் பலகைதான். உப்புத்தாள் பழைய பூச்சோடு நின்றுவிடாது, மரத்தையும் கொண்டுபோகும். அதன்மேல் கனத்த புதுப்பூச்சு ஏறினால் பலகையின் அசைவு மட்டுப்படும். அரை நூற்றாண்டு வெயிலும் காற்றும் தந்த நிறம் ஒருமுறை போனால் திரும்பாது. இன்னொன்றையும் சொன்னார்: பழங்கருவிகளை விலைகொடுத்து வாங்குவோர், தேய்ந்திருந்தாலும் மூலப்பூச்சோடு இருப்பதையே மேலாகக் கருதுகிறார்கள். சுரண்டிப் புதுப்பித்தவை குறைந்த விலைக்கே போகின்றன. எனவே லாத்தாவின் கணக்குப்படி பார்த்தாலும் உப்புத்தாள் நட்டத்தையே தந்திருக்கும்.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதா என்றால், அதுவும் கூடாது என்றார். பூச்சில்லாத வெறும் மரம் வியர்வையையும் கைப்பிசுக்கையும் குடித்துக் கறுத்துவிடும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. புதிதாக இடும் பூச்சு பழைய பூச்சின் விளிம்பைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றிக்கொள்ளும். ஆகவே முழுவதையும் அகற்றாமல், வெறுமையான இடத்துக்கு மட்டும் மிக மெல்லிய பூச்சு இடலாம். தடம் தடமாகவே இருக்கும்; மரம் மட்டும் காக்கப்படும்.

இதற்கு உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969 முதல் வைத்திருக்கும் மார்ட்டின் என்-20 வகைக் கிதார் அது. ட்ரிக்கர் என்பது அவர் அதற்கு இட்ட பெயர். விரலால் மீட்டுவதற்கென அமைந்த கருவியை அவர் பிளெக்ட்ரம் கொண்டு வாசித்ததால், நாளடைவில் ஒலித்துளைக்கருகே பலகை தேய்ந்து இன்னொரு துளையே விழுந்துவிட்டது. ஆஸ்டின் நகரிலுள்ள கருவிக் கைவினைஞர் மார்க் எர்ல்வைன் பல ஆண்டுகளாக அதைப் பேணி வருகிறார். அவர் அந்தத் துளையை அடைக்கவில்லை, பலகையை மாற்றவுமில்லை. உள்ளிருக்கும் தாங்குசட்டங்களை உறுதிப்படுத்தி, தேய்ந்த பரப்புக்கு லாக்கர் பூசி, மேலும் கெடாதவாறு நிறுத்தி வைத்திருக்கிறார். கருவி இன்றும் ஒலிக்கிறது.

இவற்றைக் கேட்டு ஊர் திரும்பிய பின்னர், எங்கள் குடும்பத்தின் மேல் அக்கறை கொண்ட ஆலிம் ஒருவரிடம் பங்கீடு குறித்துக் கலந்தபோது கிதாரின் பேச்சும் வந்தது. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு செய்தியை எங்களுக்கு நினைவூட்டினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பருகிய மரக்கிண்ணம் ஒன்று பிற்காலத்தில் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களிடம் இருந்தது. அது வெடித்திருந்தபோது வெள்ளியைக் கொண்டு இணைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி இரும்பு வளையம் ஒன்றும் இருந்தது. அந்த வளையத்தை எடுத்துவிட்டுப் பொன்னாலோ வெள்ளியாலோ ஆன வளையத்தைப் பொருத்த அனஸ் (ரலி) அவர்கள் எண்ணினார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்கள் குறுக்கிட்டு, அல்லாஹ்வின் தூதர் செய்துவைத்ததை மாற்ற வேண்டாம் என்று தடுத்தார்கள். அனஸ் (ரலி) அவர்களும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தப் புனிதக் கிண்ணத்தோடு எங்கள் வீட்டுக் கிதாரை ஒப்பிடும் துணிவு எங்களுக்கு இல்லை, அல்லாஹ் காப்பானாக. அந்தச் செய்தியிலுள்ள பாகுபாட்டைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். வெடிப்பு இணைக்கப்பட்டது, ஏனெனில் இணைக்காவிட்டால் கிண்ணம் பயன்படாது. வளையம் மாற்றப்படவில்லை, ஏனெனில் அதற்குத் தேவை இல்லை. பகட்டு மட்டுமே இருந்தது. பொருளைக் காப்பது வேறு, பொருளை வேறொன்றாக ஆக்குவது வேறு. சென்னைப் பெரியவர் லாக்கரை வைத்துச் சொன்னதும் இதுவேயாகும்.

பிறகு விலையின் பேச்சு வந்தது. எங்கள் குடும்பத்தில் வாரிசுகள் நால்வர்: உம்மா, ஒரு மகன், இரண்டு மகள்கள். பாட்டன் பாட்டியர் முன்னரே மறைந்துவிட்டார்கள். கடனும் வஸிய்யத்தும் போக மீந்ததில் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிகுதியில் மகனுக்கு இரண்டு பாகம் என்றால் மகளுக்கு ஒன்று. மொத்தத்தை 32 பங்குகளாக வகுத்தால் உம்மாவுக்கு 4, தம்பிக்கு 14, மகள்கள் இருவருக்கும் தலைக்கு 7. வீட்டுக்கும் கடைக்கும் செல்லும் இந்தக் கணக்கு கிதாருக்கும் செல்லும். அதைத் தம்பி வைத்துக்கொள்வதானால், ஏனைய 18 பங்குகளின் மதிப்பை அவன் மற்றவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

விலை தாழ்ந்தால் தம்பிக்கு ஆதாயம், உயர்ந்தால் மற்றவர்களுக்கு ஆதாயம். ஆகவே தேய்மானத்தைப் பெரிதாக்கிச் சொல்ல ஒரு பக்கத்துக்கும், சிறிதாக்கிச் சொல்ல மறுபக்கத்துக்கும் மனம் இழுக்கும் இடம் இது. ஆலிம் அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "கருவியெப் பத்தி உலமாக்கள்ட்ட இரண்டு கருத்து இருக்கலாம். குறையெ மறைக்கிறதுல ஒரே கருத்துதான்."

கடைத்தெருவில் நடந்த அந்த நிகழ்ச்சியை நாம் யாவரும் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுகிறவரைக் குறித்துக் கடுமையாக எச்சரித்தார்கள். பழங்கருவி வாணிகத்தில் இந்த எச்சரிக்கை இரண்டு முனைகளிலும் பொருந்துகிறது. பழையதன் முறிவையும் ஒட்டையும் பளபளப்பான பூச்சுக்குள் மறைப்பது ஒரு முனை. புதியதைத் தேய்த்துப் பழையது என்று விற்பது மற்றொரு முனை. ஃபெண்டர் நிறுவனம் 1995ஆம் ஆண்டு முதலே பூச்சைத் தேய்த்துப் பழமைத் தோற்றம் கொடுத்த புதுக் கிதார்களை ‘ரெலிக்’ என்ற பெயரில் விற்று வருகிறது. புதியது என்று சொல்லியே விற்பதால் அதில் ஏமாற்று இல்லை. அவ்வாறு சொல்லாமல் விற்கும்போதுதான் அது நனைந்த தானியமாகிறது.

நாங்கள் ஒரு தாளை எடுத்து அந்தக் கிதாரின் குறைகள் அனைத்தையும் எழுதினோம்: பூச்சுப் போன இடங்கள், வெடிப்புகள், கழுத்தடியில் முன்னொரு காலத்தில் ஒட்டப்பட்ட ஒரு பிளவு, மாற்றப்பட்ட இரண்டு முறுக்காணிகள். அந்தத் தாளைச் சென்னைப் பெரியவரிடம் கொடுத்து, உள்ள நிலையிலேயே விலை சொல்லக் கேட்டோம். அவர் சொன்ன விலையை நால்வரும் ஏற்றோம்.

உம்மா தம் நான்கு பங்கைத் தாமாகவே தம்பிக்கு விட்டுக்கொடுத்தார்கள். லாத்தாவும் தங்கையும் தத்தம் ஏழு பங்கின் மதிப்பைப் பணமாகப் பெற்றுக்கொண்டார்கள். இதை வெளிப்படையாக எழுதக் காரணம் உண்டு. வாப்பாவின் நினைவுப் பொருளுக்குக் காசு கேட்பதா என்று உறவினர் சிலர் முணுமுணுத்தார்கள். பெண்களின் பங்கு என்று வரும்போதுதான் நம் ஊர்களில் இந்த முணுமுணுப்பு எழுகிறது. அல்லாஹ் விதித்த பங்கைப் பெற்றுக்கொள்வதில் வெட்கத்துக்கு இடமில்லை. மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு, வெட்கத்தால் விடச் செய்வது வேறு. தம்பி அதை அறிந்தவன். முதல் தவணையைக் கொடுத்த அன்றே, எஞ்சியதைக் கடனென்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தான்.

வெறுமையான இடங்களுக்கு மட்டும் பெரியவர் மெல்லிய லாக்கர் பூசிக் கொடுத்தார். அதன்பின் பேணுவதற்கு அவர் சொன்னவற்றை, பழைய மரப்பொருள்களை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

துடைக்க மென்மையான பருத்தித் துணி போதும். அழுக்கு விடாவிட்டால் துணியை நீரில் நனைத்து இறுகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். மரம் வெளித்தெரியும் இடத்தில் ஈரம் கூடாது. சிலிக்கோன் கலந்த பாலிஷ் வெடிப்புகளுக்குள் இறங்கி, பின்னால் செய்யும் செப்பனிடுதலைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கமும் வேண்டாம். அது பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். கைகளுக்குப் பூசும் சானிடைசரில் ஆல்கஹால் இருப்பதால், கை உலருமுன் தொட்டால் அவலரக்கும் லாக்கரும் இளகும். ரப்பர் பதித்த தாங்கியில் சாய்த்து வைத்தால், ரப்பர் நைட்ரோசெல்லுலோஸோடு வினைபுரிந்து தடம் பதிக்கும். இடையில் பருத்தித் துணி இட வேண்டும்.

கிதாருக்கு உகந்த காற்றீரம் 45 முதல் 55 விழுக்காடு வரை என்பர். எங்களைப் போன்ற கடலோர ஊர்களில் பெரும்பாலான நாட்களில் அதைவிட மிகுதி. ஆகவே பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவை ஈரமானதும் மாற்றுகிறோம். வெளிச்சுவரில் மாட்டுவதில்லை. குளிர்சாதனத்தின் காற்று நேராகப் படும் இடத்திலும் வைப்பதில்லை. திடீர்க் குளிர் லாக்கரில் புது வெடிப்புகளை உண்டாக்கும். உப்புக்காற்றில் தந்திகள் துருப்பிடிப்பதால் தொட்ட பிறகு துடைத்து வைக்கிறோம். நெடுநாள் வாசிக்காதிருந்தால் தந்திகளைச் சற்றே தளர்த்துகிறோம். கரையான் பயத்தால் பெட்டி தரையில் கிடப்பதில்லை.

கிதார் இப்போது தம்பியின் வீட்டில் இருக்கிறது. லாத்தாவின் பிள்ளைகள் அங்கே விருந்துக்குப் போகும் நாட்களில் அதைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகிறான். லாத்தா அதைக் கேட்டதில்லை, அவனும் சொல்லிக்கொண்டதில்லை. கருத்து வேறுபட்ட உடன்பிறப்புகள் ஒரே தஸ்தர்கானில் அமர்ந்துண்ண இவ்வளவு போதுமாக இருக்கிறது.

ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஏதேனும் ஒன்று இருக்கும். பாட்டனார் ஓதிய முஸ்ஹபின் விளிம்பு மங்கிய அட்டை, அதைத் தாங்கிய ரிஹால், உம்மாவின் சீதனப் பெட்டி, கொழும்பிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வந்த ஒரு கடிகாரம். பங்கீட்டுக்கு உட்கார்ந்த நாளில் எவரேனும் உப்புத்தாளை எடுத்தால், சற்றே பொறுக்கச் சொல்லுங்கள். காக்க வேண்டியது எது, மாற்றத் தேவையில்லாதது எது என்று அறிந்தவரிடம் கேளுங்கள். குறையை எழுதி வையுங்கள். விலையைக் குறையோடு சேர்த்தே பேசுங்கள். உரியவர்களுக்கு உரிய பங்கைக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் வாப்பாவின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, கப்றை விசாலமாக்கி வைப்பானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை நேர்மையோடு காத்து, நேர்மையோடு கைமாற்றும் பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.